கோயில் மணியும் ரோமர்களின் நேர்கோடும்

மார்ச் இரண்டாம் வெள்ளிக்கிழமை நான் லியோனிலிருந்து பாரிஸ் போனது ஊர் சுற்ற அல்ல. ரோமர்களின் நில அளவை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய நேர்முகம், மதியம் இரண்டு மணிக்கு. அவர்களுடைய ‘குரோமா’வை இயக்கிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு கம்பு, அதன் தலையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சட்டம், நான்கு முனையிலும் நூலில் தொங்கும் குண்டு. எதிரெதிர் நூல்களை ஒன்றாக்கிப் பார்த்தால் நேர்கோடு, அடுத்த ஜோடியில் பார்த்தால் செங்கோணம். வயல்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்தது இதை வைத்துத்தான்.

பாரிஸின் புறநகரான வில்லியே லே பெல்லில் இருக்கும் தோழி வீட்டிலிருந்து 10.10க்குக் கிளம்பினேன். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கிப் பையைத் துழாவினால் மூன்று குண்டுதான் இருந்தது. பையின் மூலையில் ஓட்டை. நான்கும் ஒரே எடையில் இல்லாவிட்டால் சட்டம் சாயும், என் இரண்டு வருட உழைப்பும் கூடவே சாயும்.

ஐந்து நிமிட நடையில் லா சப்பெல், தமிழ்க் கடைகள் நிறைந்த தெரு. மூன்று கடைகளில் கையை விரித்தார்கள். நான்காவது, பூசைச் சாமான் கடை. சின்னப் பித்தளை மணிகள் தொங்கின, ஒன்று நான்கு யூரோ.

“நாலும் ஒரே எடையா இருக்குமாண்ணா?”

“ஓம் தங்கச்சி, எல்லாம் ஒரே அச்சு. என்னத்துக்கு?”

விஷயத்தைச் சொன்னேன். தராசில் வைத்தே காட்டினார். நான்கை வாங்கி நூல்களில் கட்டி வாசலில் கம்பை நிறுத்தினால், காற்றில் நான்கும் கலகலவென்று அடித்துத் தள்ளின. நூல் ஒரு நொடி நிற்கவில்லை. மணி 11.40. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைக்காரர் நான்கு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து, மணிகள் அடியில் முட்டாமல் முங்கும்படி வைத்தார்.

“நான் இஞ்ச பாரிசுக்குப் பக்கத்தில, பொண்டியில மேசன் வேலை செய்தனான். காத்தெண்டால் குண்டைத் தண்ணிக்குள்ள விடுறது. இப்ப பாருங்கோ.”

சத்தம் நின்றது. நூல்களும் நின்றன. கிளாஸ்களையும் என் பையில் வைத்துக் கொடுத்தார்.

லுக்சம்பூர் வரை ரயிலில் பத்து நிமிடம், டிக்கெட் 2.50. அங்கிருந்து ரோமர்கள் நேராக இழுத்த சேன் ஜாக் தெருவுக்கு நடை, நேர்முகம் அங்கேதான். அறைக்குள் காட்டச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். தேர்வுக் குழுவினர் முற்றத்துக்கு அழைத்துப் போனார்கள். நல்ல காற்று. கிளாஸ்களில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

“ரோமர்கள் தண்ணீர் வைத்தார்களா?” என்று குழுவில் மூத்தவர் கேட்டார். புளுகிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

“தெரியாது. லா சப்பெல்லில் வைக்கிறார்கள்.”

அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: பையை முந்தின நாளே தடவிப் பாருங்கள். கார் து நோரில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். லா சப்பெல்லில் தேடும் பொருளை மட்டும் கேட்காமல், எதற்கு என்றும் சொல்லுங்கள்.

பத்தொன்பது நாளாயிற்று, முடிவு வரவில்லை. மணிகளை ஜன்னலில் மாட்டியிருந்தேன். அவை அடிக்கும்போதெல்லாம் போன்தானோ என்று ஓடினேன். நேற்று நான்கையும் தண்ணீரில் இறக்கிவிட்டேன். இப்போது சத்தமே இல்லை. ஆனாலும் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.