மூன்று கதிர் போட்ட கேக்

பேர்த்டே கேக் செய்யும் தொழிலில் மாவும் சீனியும் ஒருபோதும் தொல்லை தருவதில்லை. தொல்லை எல்லாம் ஓர்டர் தருபவர்களால்தான். என்னைப்போல் வீட்டுக் குசினியில் கேக் அடித்து இடுப்பொடிந்த சகோதரிகளுக்கு இது விளங்கும். இரண்டாயிரங்களின் நடுவில், லண்டன் மோர்டனில், ஒரே ஒரு கேக்கால் நான் பட்ட பாடு இது.

சட்டையோடு வந்தவர்

ஜெர்மனியிலிருந்து புதிதாகக் குடிவந்த ஜெயம் அண்ணை, மகளின் பழைய விளையாட்டுச் சட்டையைக் கொண்டுவந்தார். நெஞ்சில் அவர்கள் இருந்த ஊரின் சின்னம்: பச்சைக் கேடயம், கீழே வெள்ளை அலை, மேலே மூன்று கோதுமைக் கதிர். அலை என்றால் அங்கே ஓடும் ஆறு. கதிர்கள் என்றால், ஒன்றாய்ச் சேர்ந்து அந்த ஊராகிய மூன்று கிராமங்கள். மகளின் பதினாறாவது பிறந்தநாள் கேக்கில் அதை அச்சொட்டாகப் போட வேண்டுமாம். பூப் போட்டால் போதாதா என்று கேட்டேன்.

"லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு வந்த நாளிலையிருந்து பிள்ளை என்னோடை கதைக்கிறேல்லை, தங்கச்சி."

அடிமட்டம்

இரண்டு நாள் கழித்து, கதிர்களின் இடைவெளியை அடிமட்டம் வைத்து அளந்து, மில்லிமீட்டரில் குறித்த தாளோடு திரும்ப வந்தார். பச்சை வெளிறிப்போச்சு என்று ஐசிங்கை மறுபடி கலக்க வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் வெட்டித் தின்னத்தானே போகிறீர்கள் என்றேன்.

"தின்ன முதல் அவள் பார்ப்பாள்."

அவருக்குத் தெரியாத போன்

பார்ட்டி அன்று காலை அண்ணையின் மனைவி எனக்குப் போன் எடுத்தார். நல்ல நாளில் மூன்று ஆகாதாம், இன்னொரு கதிர் வைக்க வேண்டுமாம். பலகாரத் தட்டில்கூட மூன்று வைக்காத வீட்டில் வளர்ந்தவள் நான். மறுபேச்சில்லாமல் ஓரத்தில் ஒன்றைச் செருகினேன்.

"இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, ஆர் எண்ணப் போகினம்?"

எண்ணியவள்

மகள் எண்ணினாள். நான் கொண்டுபோய் வைத்த பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை அதுதான். "நாலாவது பிழை" என்றாள், யாரையும் பார்க்காமல். அண்ணை என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். எனக்கு மேசைக்குக் கீழே போய்விடலாம் போலிருந்தது.

"அது மோர்டன், பிள்ளை" என்றார் அண்ணை மெல்ல.

அவள் அந்தக் கதிரைப் பிடுங்கி வாயில் போட்டாள். ஆறுதலாகக் கரைத்து விழுங்கிவிட்டுத் தகப்பனை நேரே பார்த்தாள்.

"மோர்டனிலை சீனி கூடிப்போச்சு, அப்பா."

என் தொழிலில் நான் விட்ட பிழைக்கு ஒருவர், அதுவும் ஜெயம் அண்ணை, கைபிடித்து நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான், ஆனாலும் சீனி கூட என்பதை நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.