கைப்பை உட்கார்ந்த இருக்கை

செய்தி வந்தபோது காலை ஆறரை மணி. எங்கள் வேன் குழுவில்தான் வந்தது. அந்த நேரத்தில் அந்த வாட்ஸ்அப் குழுவுக்கு வழக்கமாக ஒரே கேள்விதான் வரும்: "இன்னிக்கி சாப்பாட்டுக்கு யார் யாரு?" கேட்பவர் சந்திரிகா அக்கா. இன்று அவருடைய எண்ணிலிருந்து அவர் கணவர் பாலன் எழுதியிருந்தார். விடியும் முன்பு அக்காவுக்கு நெஞ்சுவலி வந்ததாம். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாராம்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அங்கே கண்ட முகம் மனத்தில் தங்க மறுக்கிறது. கண்ணை மூடினால், ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "கெட்டியா புடிச்சுக்குங்கடி!" என்று கத்துகிற சந்திரிகா அக்காதான் வருகிறார். எனவே அந்த நாளையே எழுதுகிறேன்.

அவர் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டியவர். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு கோல சிலாங்கூரில் மீன் உருண்டையும் உறைய வைத்த இறாலும் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் கிராணியாக, எழுத்து வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் சரக்கு எதுவும் அவர் மேசையைத் தாண்டாமல் கப்பல் ஏறியதில்லை. சத்தமாகச் சிரிப்பார். தொலைபேசியில் கப்பல்காரர்களைத் திட்டும்போதும் சிரித்துக்கொண்டேதான் திட்டுவார்.

லோகேஸ்வரி மேடம் ராவாங் கிளையிலிருந்து மேலாளராக மாற்றலாகி வந்தபோது எங்களில் அதிகமாகச் சந்தோஷப்பட்டவரும் அவர்தான். அந்த நாற்காலியில் ஒரு தமிழ்ப்பெண் உட்காருவது அதுவே முதல் தடவை.

"நம்ம ஆளு லா! இனிமே மீட்டிங்ல நம்ம வாயத் தொறந்தா கேக்க ஒரு ஆளு இருக்கு" என்று லட்டுப் பெட்டியோடு வந்தார்.

மேடம் ஒரு லட்டை எடுத்துக்கொண்டார். "தேங்க்ஸ். ஆனா ஆபீஸ்ல தமிழ் வேணாமே, சந்திரிகா. எஸ்டேட் மாதிரி இருக்கு."

மேடம் பிறந்ததும் கெர்லிங் பக்கத்துத் தோட்ட லயத்தில்தான் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

எங்கள் அலுவலகம் ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்கு நடுவே இருக்கிறது. சாப்பாட்டுக் கடைக்கு நடக்க முடியாது; வெயில் மண்டையைப் பிளக்கும். யாருடைய காரிலாவது ஏறித்தான் போக வேண்டும். மேடத்திடம் புதுக் கார் இருந்தது. அவருக்குப் பக்கத்து முன்சீட்டு எங்களோடு வேலை செய்யும் நல்லம்மாளுக்கு. பின்னால் அவருக்குப் பிடித்த இரண்டு பேர். எங்களில் வேறு யாராவது கதவருகே போய் நின்றால், "சாரி லா, எடம் இல்ல" என்பார்.

இடம் இருந்தது. பின்சீட்டின் ஓரத்தில் அவருடைய கைப்பை உட்கார்ந்திருக்கும். கனமான பை என்பதால் கார் ஆள் என்று நினைத்து பீப் பீப் என்று கத்துமாம். அதற்காக அந்தப் பைக்கு சீட் பெல்ட் போட்டிருப்பார்.

இதைச் சொன்னால் வெளியாள் சிரிப்பார். சாப்பாட்டுக்குப் போக ஒரு கார் இல்லை, அவ்வளவுதானே என்பார். அவ்வளவு மட்டும் இல்லை. எங்கள் அலுவலகமே அந்தக் காருக்குள்தான் நடந்தது. யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது, யாருக்கு எந்த வாடிக்கையாளர், கூட்டம் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் போகும்போது பேசி, திரும்பும்போது முடிந்திருக்கும். காரில் இல்லாதவர்கள் கூட்டம் முடிந்து கதவு திறக்கிற நேரத்துக்குக் குறிப்பேட்டோடு போய் நிற்போம். "டைம் மாத்துனோமே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்று மேடம் எல்லார் முன்னாலும் புருவத்தை உயர்த்துவார். புதிதாக வந்த அன்பரசி இரண்டாவது முறை அப்படி நின்றபோது கழிவறைக்குள் போய் அழுதாள்.

சந்திரிகா அக்கா அழவில்லை. மறுநாள் மதியம் அலுவலக வாசலில் ஒரு பழைய பள்ளி வேன் வந்து நின்றது. விடாமல் ஹாரன்.

பாலன் அண்ணன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த வேன் அது. கண்ணில் புரை விழுந்ததும் ஓட்டுவதை விட்டுவிட்டார். வீட்டு மாமரத்தடியில் சும்மா கிடந்த அந்த வேனைத்தான் அக்கா கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வாங்கடி, எடம் இருக்கு!" என்று கத்தினார். மாடியிலிருந்து மேடமும் எட்டிப் பார்த்தார்.

பிள்ளைகளுக்கான சீட்டு. முழங்கால் நெஞ்சில் முட்டும். ஆனால் அன்று பாசிர் பெனம்பாங்கில் மீன்குழம்போடு சாப்பிட்ட சாப்பாட்டைப் போல நாங்கள் யாரும் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. எங்களோடு துப்புரவு வேலை செய்யும் காளியம்மா அக்காவும் இருந்தார். வருகிற வழியெல்லாம் பேச்சு. யாருக்கு எந்த வேலை தெரியும், யாருக்கு எது தெரியாது, யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று வேனுக்குள்ளும் ஓர் அலுவலகம் நடக்க ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் அன்பரசி கூட்டத்தில் எழுந்து நின்று பேசினாள். மேடம் குறுக்கே விழுந்து நிறுத்தப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் கடிதம் வந்தது. சந்திரிகா அக்கா வேலை நேரத்தில் அனுமதியில்லாமல் ஆள் ஏற்றி வேன் தொழில் செய்கிறார் என்று குற்றச்சாட்டு. ஷா ஆலம் தலைமையகத்தில் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அப்போது அவர் ஒருவர்தான். நாங்கள் கட்டணமாகக் கொடுத்ததெல்லாம் வாழைப்பழமும் வறுத்த கச்சான் கடலையும்தான்.

மேடம் எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார். "சாட்சி சொல்லப் போறியா? போ. ஒன் உரிமை. ஆனா இந்த வருஷ அப்ரைசல் நாந்தான் எழுதப்போறேன், மறந்துராத." குரலை உயர்த்தவே இல்லை.

விசாரணை மதியம் மூன்று மணிக்கு என்று மேடத்தின் அறையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அன்று காலை அக்கா எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. விறைப்பாகத் தேய்த்த புடவையோடு, தன் மேசையில் உட்கார்ந்து வழக்கம்போலக் கப்பல்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். மேடம் அலுவலகத்தில் இல்லை. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஒன்பதரை மணி இருக்கும். நல்லம்மாள் எழுந்து நேராக அக்காவின் மேசைக்கு வந்தார். ஒரு வருடமாக எங்களோடு நின்று பேசாதவர்.

"சந்திரிகா, எந்திரி. மூணு மணி இல்ல. பதினோரு மணி."

"என்னா சொல்ற?"

"நேத்து கார்ல போன் பேசுனாங்க. நான் முன்சீட்டுல இருந்தேன். 'அவளுக்கு மூணுன்னு சொல்லியாச்சு, வரமாட்டா, வராட்டி அதையே எழுதிக்கலாம்'னு சொன்னாங்க. எந்திரி லா! இப்பவே கெளம்புனாதான்!"

அக்கா வேன் சாவியை எடுத்தார். கைப்பையைக்கூட எடுக்கவில்லை.

"நானும் வர்றேன் அக்கா" என்று அன்பரசி எழுந்தாள். "எமர்ஜென்சி லீவு."

"ஒனக்கு வேல இன்னும் கன்பர்ம் ஆவல, புள்ள. உக்காரு."

"ஆவாட்டி போவுது!"

அதற்குப் பிறகு யார் முதலில் எழுந்தது, யார் பிறகு எழுந்தது என்று எனக்குத் தெரியாது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. காளியம்மா அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஓடிவந்தார். வேன் கதவு சரியாகச் சாத்துவதற்குள் நகர்ந்துவிட்டது.

வேனுக்கு வெளியே ஒருவர் மட்டும் நின்றார். நல்லம்மாள்.

அக்கா பிரேக்கை மிதித்தார். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "ஏன் நின்னுக்கிட்டு இருக்க? ஒன்னைய யாரு ஏத்துவாங்கன்னு பாக்கிறியா? ஏறு லா!"

"எடம்..."

"என் மடியிலயா உக்காரப் போற? முன்னாடி வா. ஒனக்குத்தான் முன்சீட்டு பழக்கமாச்சே!"

சிரிப்பில் வேனே அதிர்ந்தது. சிரித்தபடியும் அழுதபடியும் நல்லம்மாள் ஏறினார்.

அசாம் ஜாவா வரைக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எங்கள் முன்னால் ஆடி அசைந்து போனது. முந்த வழியில்லை. அக்கா ஹாரனை அடித்தார், கெஞ்சினார், சாமியைக் கூப்பிட்டார், லோரிக்காரனின் பரம்பரையையே கூப்பிட்டார். எதிரே சாலை காலியான இடத்தில்தான் அந்த வார்த்தை வந்தது: "கெட்டியா புடிச்சுக்குங்கடி!" பள்ளிப் பிள்ளைகளை மட்டுமே சுமந்து பழகிய வேன் முக்கி முனகி லோரியைத் தாண்டியது. நாங்கள் கை தட்டினோம். லோரிக்காரனும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான்.

விரைவுச்சாலைக் கட்டணச் சாவடியில் அக்காவின் அட்டை இல்லை. அது கைப்பையில், கைப்பை மேசையில். பின்னால் கார்கள் கத்தின. நல்லம்மாள் தன் அட்டையை எடுத்து, அக்காவின் மேல் குறுக்கே படுத்து, சன்னல் வழியாகக் கையை நீட்டித் தட்டினார். தடுப்பு மேலே போனது.

அன்பரசி கேட்டாள்: "நல்லம்மாக்கா, நீங்க அங்க நல்லாத்தானே இருந்தீங்க? ஏன் வந்தீங்க?"

"என்னா நல்லா இருந்தேன்? ஒரு வருஷமா முன்சீட்டு. ஒரு நாளாச்சும் எனக்குப் புடிச்ச கடைக்குப் போயிருப்பேனா?" என்றார் நல்லம்மாள். "ஒவ்வொரு நாளும் கார்ல ஏறும்போது பின்னாடி திரும்பிப் பாப்பேன். அந்தப் பை உக்காந்திருக்கும். நாளைக்கி என் எடத்துக்கு வந்துருமோன்னு பயமாவே இருக்கும்."

பதினொன்றைத் தாண்டியிருந்தது. அக்கா வேனைத் தலைமையக வாசலிலேயே விட்டுவிட்டார். காவலர் "புவான், புவான், இங்கே நிறுத்தக் கூடாது" என்று மலாயில் கத்திக்கொண்டே பின்னால் வந்தார். பிற்பாடு அவரே எங்களுக்காக மின்தூக்கியைப் பிடித்து வைத்தார். எங்கள் முகங்களைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

அறைக் கதவைத் திறந்தபோது மேடம் பேசிக்கொண்டிருந்தார். "வரவே இல்ல பாருங்க, அவங்க மனப்பான்மையே இதுதான்" என்று ஆங்கிலத்தில். பேச்சு பாதியில் நின்றது. விசாரணையை நடத்திய மலாய்ப் பெண் அதிகாரி எங்கள் எல்லாரையும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இவர்களெல்லாம் யார்?"

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "என் பயணிகள், புவான்" என்றார் மலாயில்.

மேடம் திரும்பி எங்களைப் பார்த்தார். "யாரு ஒங்களுக்கு லீவு குடுத்தது?" மேலதிகாரி முன்னால் அவர் தமிழ் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான்.

நல்லம்மாள் முன்னால் வந்தார். காரில் கேட்டதைச் சொன்னார். முன்பு காரில் கேட்டவற்றையும் சொன்னார்: யாரைக் கூட்டத்துக்குத் தாமதமாக வரச் செய்தார்கள், அன்பரசியின் வேலையை யார் பெயரில் மேலே அனுப்பினார்கள், எல்லாம். அதிகாரி ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்போது நீங்கள் ஏன் பேசவில்லை?"

"எறக்கி விட்டுருவாங்கன்னு" என்றார் நல்லம்மாள். அதை மலாயில் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அக்காதான் மொழிபெயர்த்தார்.

குற்றச்சாட்டு தள்ளுபடியானது. மேடத்தை வேலையிலிருந்து நீக்கவில்லை. இன்னொரு கிளைக்கு மாற்றினார்கள். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. அவர் பெட்டி கட்டிய கடைசி நாள் மதியம் சந்திரிகா அக்கா அறைக்கதவைத் தட்டியதை நான் பார்த்தேன்.

"மேடம், சாப்பிட வர்றீங்களா? எடம் இருக்கு."

மேடம் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அக்காவும் வற்புறுத்தவில்லை.

எங்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "அவங்களுக்குப் போயி எடமா?" என்று அன்பரசி வேனில் சண்டைக்கே வந்தாள்.

"எனக்கு மட்டும் கோவம் இல்லையா?" என்றார் அக்கா, வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே. "மொத மொத ராவாங்ல அந்தப் பொண்ணு வேலைக்குச் சேந்தப்ப, மேல இருந்தவ ஒருத்தி ஒரு வருஷம் மாடிப்படியில உக்காந்து தனியா சாப்பிட வச்சாளாம். நல்லம்மா சொன்னா. அதுக்காக செஞ்சது சரின்னு ஆயிருமா? ஆவாது. ஆனா நம்மளும் கதவச் சாத்துனா, அப்புறம் இதுக்குப் பேரு வேன் இல்ல, அதே காருதான். ஏய், பின்னாடி லோரி வருதா பாரு!"

அன்று முதல் இந்த வாரம் வரைக்கும் வேன் ஓடியது. அன்பரசிக்கு வேலை உறுதியாகி, பதவியும் உயர்ந்துவிட்டது. நல்லம்மாள் வேனிலும் முன்சீட்டைத்தான் கேட்பார். கிடைக்காது, முறை வைத்துத்தான் உட்கார வேண்டும்.

இன்று அக்கா வீட்டில் கூட்டம் அதிகம். பந்தல் போட இடம் வேண்டும் என்று வேனை நகர்த்தச் சொன்னார்கள். நான்தான் ஏறி நகர்த்தினேன். திங்கட்கிழமை புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்கிறாள். அவளுக்காகக் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மடக்கு இருக்கையை அக்கா பொருத்திக்கொண்டிருந்திருக்கிறார். இடப்பக்க போல்ட்டுகளை முறுக்கியாகிவிட்டது. வலப்பக்கத்துக்கானவை இருக்கையின் மேலேயே, ஸ்பேனரோடு, அப்படியே கிடக்கின்றன.