பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு: 64 கிலோமீட்டர், நான்கு கொதிப்பு

"பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கொடைக்கானல் ஏற முடியுமா?" என்று தேடி இந்தப் பக்கத்தில் வந்து விழுந்தவர்களுக்கு முதலில் என் அனுதாபங்கள். முடியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏறினோம். நல்ல வண்டி இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடுகிற பாதை. எங்களுக்கு ஆறரை மணி நேரம். அன்று எங்களை முந்திப் போனவற்றில் ஒரு டிராக்டரும் உண்டு.

எங்களுக்கு ஊர் ஒட்டன்சத்திரம். அப்பா பல் டாக்டர். பல் தெரிந்தவனுக்குப் பல்சக்கரம் தெரியாதா என்ற துணிச்சலில், கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு 1967ஆம் வருஷத்து இங்கிலீஷ் காரை ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கி வந்தார். இரண்டே சீட். மேலே கூரை இல்லை. பச்சை நிறம் என்பதால் பெயர் பச்சைக்கிளி. அன்றைக்கு ஆரம்பித்தது ரெஸ்டோரேஷன், அதாவது வண்டிக்கு ரெஸ்ட், வீட்டுக்கு ரேஷன். அம்மாவின் பெரிய இட்லிப் பானையில் கார்புரேட்டர் வெந்தது. ஒரு கதவுக் கைப்பிடிக்காக அப்பா ஒரு வருஷம் காத்திருந்தார். அது வந்து சேர்ந்தபோது இன்னொரு கதவுக்கானதாக இருந்தது. எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். "ரேடியேட்டருக்கு ஒரு கரண்ட் ஃபேன் வச்சிருவோம் டாக்டர்" என்று மெக்கானிக் கெஞ்சினார். "ஒரிஜினல்ல இல்லையே" என்றார் அப்பா. ஒரிஜினலில் ஒட்டன்சத்திரம் வெயிலும்தான் இல்லை.

இப்போது விவகாரத்துக்கு வருகிறேன். பச்சைக்கிளி இதுவரை இரண்டு முறை வெளியூர் போயிருக்கிறது. இரண்டு முறையும் திரும்பியது லாரியில். அந்தச் சமயம் பார்த்து நான் ஒரு விளையாட்டு விளையாடினேன்: வண்டியின் பின்னால் 'விற்பனைக்கு' என்று எழுதி, அப்பாவின் கிளினிக் நம்பரையும் போட்டு ஒட்டிவிட்டேன். நான் ஒட்டியது சும்மா. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் போன் செய்தது சும்மா இல்லை. அவர் சொன்ன தொகையைக் கேட்டதும், கணக்கு டீச்சரான அம்மா அதைத் தாளில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"கொடைக்கானல்ல பழைய கார்க்காரங்க கூட்டம் நடக்குதுன்னு சொன்னீங்கள்ல. அது வரைக்கும் இந்த வண்டி தானா ஏறட்டும். லாரி கூடாது, கயிறு கூடாது. ஏறலைன்னா திங்கக்கிழமை அவருக்குக் குடுத்துருவோம்."

அப்பா தலையாட்டினார். பல் பிடுங்கப் போகிற நோயாளி தலையாட்டுகிற மாதிரி.

வெள்ளனே ஐந்தரைக்குக் கிளம்பினோம். பச்சைக்கிளியில் அப்பாவும் நானும். பின்னால் எங்கள் சாதாரண காரில், ஏசி போட்டுக்கொண்டு, புளியோதரையோடு அம்மா. பழனி வரை முப்பது கிலோமீட்டர், வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை இங்கே மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பழனி அடிவாரத்தில் வண்டிக்குப் பூஜை. மலை ஏறுகிற யாரும் இதைத் தவற விடுவதில்லை, நீங்களும் விட மாட்டீர்கள். பூஜை போடுபவர் சின்னதாக ஒரு மாலையை எடுத்தார்.

"அது பத்தாதுங்க. அந்தப் பெரிய செண்டுமல்லி மாலை ரெண்டு போடுங்க" என்றார் அம்மா. "இந்த வண்டிக்கு ஒண்ணெல்லாம் காணாது."

மாலை ஒன்று முந்நூற்றைம்பது ரூபாய். தடிமன் என் இடுப்பு அளவு. இரண்டையும் வண்டியின் மூக்கில் குறுக்கே வைத்து, காற்றில் பறக்காமல் இருக்கக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார்கள். "மேல போய்ச் சேர்ற வரைக்கும் கழட்டக் கூடாது" என்று அம்மா சொன்னார். நான்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் புறப்பட்டோம்.

செக்போஸ்ட்டில் இ-பாஸ் பார்த்தார்கள். ஆன்லைனில் முன்னாடியே எடுத்துவிடுங்கள், காசு கிடையாது. சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களை மேலே விட மாட்டார்கள் என்பதால், ரேடியேட்டருக்கான தண்ணீரை இரண்டு எவர்சில்வர் தூக்குவாளியில் கொண்டுபோனோம். அவற்றின் அதிகாரப்பூர்வ இருப்பிடம் என் மடி. அங்கே நின்ற அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது ஏறுமா பாப்பா?"

"அதப் பாக்கத்தாண்ணே போறோம்."

முதல் கொதிப்பு ஒன்பதாவது கிலோமீட்டரில். முள் சிவப்பைத் தொட்டதும் பானட் இடுக்கிலிருந்து புகை வந்தது. நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, நாற்பது நிமிடம். எங்கள் வண்டிக்குச் சூடு மட்டும்தான் உண்டு, சொரணை கிடையாது. இரண்டாவது கொதிப்பு பதினாறாவது கிலோமீட்டரில். இந்த முறை அப்பா தெர்மோஸ்டாட்டையே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரைத் தடுத்துத் தடுத்து விடுகிற சின்னச் சாமான் அது. கழற்றிவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடுமாம். கிளம்பும் முன்னால் வண்டியின் முன்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். மாலையைப் பார்த்தார். பின்னால் அம்மாவின் காரைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, ஹீட்டரைப் போடு."

"அப்பா, மே மாசம்."

"இன்ஜின் சூட்டை உள்ள இழுத்துரும். அதுக்கு நல்லது."

அதுக்கு நல்லது. அந்த ஹீட்டர் ஊதுகிற இடம் சரியாக என் முட்டி. சவரிக்காடு வரை மடியில் தண்ணீரும் காலில் வெந்நீருமாக வந்தேன். அங்கே டீக்கடையில் மூன்றாவது கொதிப்பு. டீ பதினைந்து ரூபாய், வண்டியை விடக் குறைவான சூட்டில் இருந்தது. கடைக்கார அக்கா தூக்குவாளிகளை நிரப்பித் தந்துவிட்டுச் சிவந்து கிடந்த என் முட்டியைப் பார்த்தார். "என்னம்மா, அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டார்.

வடகவுஞ்சி தாண்டி நான்காவது கொதிப்பு. இந்த முறை அப்பா இறங்கவே இல்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தண்ணீரும் தீர்ந்திருந்தது. பழனியில் பூண்டு இறக்கிவிட்டுப் பூம்பாறைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஜீப் ஒன்று பக்கத்தில் நின்றது.

"என்ன சார், கொதிச்சுப்போச்சா? கயிறு கெடக்கு, கட்டிருவமா? வெரசா இழுத்துட்டுப் போயிருவேன்."

அம்மா எங்கள் பின்னால் காரை நிறுத்திவிட்டு வந்து நின்றார். ஆறு வருஷம், ஒரு இட்லிப் பானை, இரண்டு கதவுக் கைப்பிடி எல்லாம் அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

"கட்டுங்க" என்றார் அப்பா.

அப்படியென்றால் திங்கட்கிழமை வண்டி போய்விடும். கேலி செய்ய வீட்டில் இந்த வண்டியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஜீப் அண்ணன் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் எறிந்தார். "பாப்பா, முன்னாடி கீழ கொக்கி இருக்கும் பாரு, நுழைச்சு விடு."

மாலைக்கு அடியில் தலையை விட்டேன். குப்பென்று வாசம் அடித்தது. பூ வாசம் இல்லை. கீரை வேகிற வாசம். மாலையின் வெளிப்பக்கம் காலையில் வாங்கினதுபோல மஞ்சளாக இருந்தது. உள்பக்கம் முழுக்க வெந்து பழுப்பாகத் தொங்கியது. ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற வாய் எங்கே என்று தேடினேன். அம்மா வாங்கிக் கொடுத்த எழுநூறு ரூபாய் அதில் அடைத்துக்கொண்டிருந்தது.

"அப்பா! மாலைதான்! மாலையாலதான் கொதிக்குது!"

"கயித்தக் கட்டு பாப்பா." அப்பா என்னைப் பார்க்கவில்லை.

காலையிலிருந்து இரண்டு முறை 'அப்பா, பாம்பு' என்று விளையாட்டுக்குப் பொய்யாகக் கத்தியிருந்தேன். அதனால் நம்பவில்லை என்று நினைத்தேன். ஆனால் அம்மா குனிந்து, மாலைக்கும் கிரில்லுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னங்க, காத்து இது வழியாத்தான் போகணுமா?"

"ஆமா."

"இது உங்களுக்குத் தெரியாதா?"

"ரெண்டாவது தடவை நிறுத்தினப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் கழட்டல?"

அப்பா தெர்மோஸ்டாட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னார்: "ஆறு வருஷத்துல நீ இந்த வண்டிக்கு வாங்கினது அது ஒண்ணுதான். அத எப்படிக் கழட்டச் சொல்றது?"

இரண்டு கொதிப்பு, ஒரு தெர்மோஸ்டாட், என் இரண்டு முட்டி. இத்தனையையும் வேகவைத்தது ஒரு காதல் கதை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோபத்தில் எனக்கு ஒரு சிலேடைகூட வரவில்லை.

"அப்ப கயிறு வேணாமா?" என்று கேட்டார் ஜீப் அண்ணன்.

"வேணாம்ணே. தண்ணி இருந்தா மட்டும் ஊத்திட்டுப் போங்க" என்றார் அம்மா. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். அண்ணன் ஒரு கேன் தண்ணீரை ஊற்றிவிட்டு, "ஏலே, முன்னாடியே கேட்டிருந்தா நானே மாலையப் பிச்சு மாட்டுக்குப் போட்டிருப்பேனே" என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கம்பியை அம்மாவே அவிழ்த்தார். பூஜையில் போட்ட மாலையை ரோட்டில் போட முடியாது. அவருடைய காரில் வைத்தால் வாடை அடிக்கும். சுற்றிலும் பார்த்தார். கடைசியில் இரண்டையும் என் கழுத்தில் போட்டார்.

முள் நடுவுக்கு வந்து நின்றது. பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி எதிலும் அது அசையவில்லை. வெந்த செண்டுமல்லியோடு, கூரையில்லாத காரில் நான் கொடைக்கானலுக்குள் நுழைந்தேன். நீர்வீழ்ச்சியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் என்னை ஏதோ கட்சியின் வேட்பாளர் என்று நினைத்துக் கையாட்டினார்கள். நானும் கும்பிட்டேன். இரண்டு பேர் ரேஷன் கடை பற்றிப் புகார் சொன்னார்கள்.

ஏரிக்கரைக்குப் பக்கத்து மைதானத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பளபளப்பாக நின்ற ஏழெட்டுக் கார்களில் பாதிக்கு மேல் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த அப்பாவின் முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை, வீட்டில் படிப்பார்கள். அந்த நேரம் பார்த்து அப்பாவின் செல்போனில் கோயம்புத்தூர்க்காரர். அம்மாதான் எடுத்தார்.

"இல்லைங்க, வண்டி விக்கிறதுக்கு இல்ல. போர்டு எழுதி ஒட்டின பொண்ணு இருக்கா, அவ வேணும்னா சொல்லுங்க."

இனி, இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு. பழைய வண்டியென்றால் பழனிப் பாதையில் விடிவதற்குள் ஏற ஆரம்பித்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு ஏறாதீர்கள். சவரிக்காட்டில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு ஒரு ஈரத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலையை மனசார வாங்குங்கள், ஆனால் கண்ணாடிக்கோ ஸ்டீயரிங்குக்கோ போடுங்கள். வாங்கியது யார் என்று பார்த்து உட்காராமல், அடைத்தால் கழற்றுங்கள்.

திரும்பும்போது பச்சைக்கிளியைத் தானே ஓட்டுவதாக அம்மா சொன்னார். என்னை ஏசி காருக்குத் துரத்திவிட்டு, அப்பாவைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தார். பழனி வரை ஒரு கொதிப்புக்கூட இல்லை. இறங்கினதும் சாவியை அப்பாவின் கையில் வைத்தார்.

"நல்லாத்தானே ஓடுது. உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியல."

இறக்கத்தில் எந்த வண்டியும் கொதிக்காது என்பதை அப்பாவும் நானும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.