கட்டிலில் ஏறிய மரங்கள்

புதுவாயலுக்கு அப்பால், போக்கிடமற்ற பெண்கள் தங்கும் ஒரு தர்ம இல்லம். தோட்டத்தில் கிறிஸ்துமஸ் மரம் வளர்த்து, டிசம்பரில் விற்றுத்தான் அங்கே வருடம் முழுக்க உலை கொதித்தது. அதை நடத்திய அம்மா ஒல்லி. வெயில் தின்ற முகம். பேசும்போதெல்லாம் கை பக்கத்து மரத்தின் நுனியைத் தடவிக்கொண்டே இருக்கும். நுனி ஒடிந்த மரம் விலைபோகாது.

வெள்ளம் வடியாத ஒரு காலையில் போனேன். வருடாவருடம் இங்கே மரம் எடுக்கும் எங்கள் கம்பெனி இந்த வருடம் பிளாஸ்டிக் மரம் வாங்கிவிட்டது என்று சொல்லவேண்டும். கூடத்தில் முழங்கால் தண்ணீர். கட்டில்கள்மேல் தொட்டியோடு மரங்கள் வரிசையாக நின்றன. பெண்கள் பெஞ்சுகளில் ஒடுங்கிக் கிடந்தார்கள்.

“மூணு நாளா மரம் தூங்குது, நாங்க முழிச்சினுகீறோம் சார்!” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

“மன்சாளுக்கு ஈரம் காஞ்சிடும். வேர் அழுகிச்சின்னா நாங்க எங்க போவோம்?” என்றார் அம்மா. “உங்க கம்பெனிக்கு எத்தினி சார்?”

பிளாஸ்டிக் மரம் வாங்கியாகிவிட்டது என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் கை பக்கத்து மரத்தின் நுனியைத் தடவியது. பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, “சாரு அத்தினியும் எடுத்துக்கிறாராம்டீ! ஒண்ணும் சாயாம பாத்துக்கங்க” என்றார், கணீரென்று.

பெஞ்சு முழுக்கக் கைதட்டல். என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. நானும், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தேன்.