கார்லினா, கறுப்புப் பட்டாணியா

கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர்கள், இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்த வயதான தம்பதி. அவர்கள் விரும்பித் தின்னும் காய்ந்த பட்டாணி ஒன்று இருந்தது. கடலையைவிடச் சின்னது, மண்ணிறம். அங்கிள் அதைக் கறுப்புப் பட்டாணி என்பார். அன்ரி கார்லின் என்பா. வாங்கிவரும் பையிலோ மேப்பிள் பட்டாணி என்று எழுதியிருக்கும். எல்லாம் ஒரே சாமான்தான். அவருடைய ஊரில் நவம்பரில் நெருப்பு மூட்டிக் கொண்டாடும் இரவில் வினாகிரி விட்டுத் தின்பார்களாம். அவவின் ஊரில் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று, வெண்ணெயில் வதக்கி. ஆண்டுக்கு இரண்டு தரம் அந்தப் பேருக்காக மேலே சண்டை நடக்கும்.

"ஒரு பட்டாணிக்குப் போய் இப்பிடி அடிபடுகினம். விசர்!" என்பேன் என் மனுசனிடம்.

"அது அவையின்ர சந்தோசமப்பா. நீர் பேசாமல் படும்," என்பார்.

தொண்ணூறுகளில் ஒரு தவக்காலத்தில் அன்ரிக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சில்லை. சாப்பாட்டுக்கு வாயைத் திறக்கவே மாட்டா. பக்கத்து நகரமான விட்பியிலிருந்த அவர்களுடைய மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: ஞாயிற்றுக்குள் அம்மா சாப்பிடத் தொடங்காவிட்டால் முதியோரைப் பராமரிக்கும் நேர்சிங் ஹோம்தான்.

சனிக்கிழமை அங்கிள் பட்டாணிப் பையோடு கீழே வந்தார். "நாளைக்கு அவளுடைய ஞாயிறு. எனக்கு இதைச் சமைக்கத் தெரியாது," என்றார். ஐந்தாம் ஞாயிறு எனக்குத் தெரியாதா, நானும் கத்தோலிக்கச்சிதான். ஊறவைத்து, குழைய அவித்து, வெண்ணெயில் வதக்கி, நன்றாக மசித்தேன். பழக்கதோசத்தில் மஞ்சள் டப்பாவுக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

பூசை முடிந்து வந்து கிண்ணத்தை மேலே கொண்டுபோனேன். மகளும் வந்திருந்தாள். அங்கிள் கரண்டியை அன்ரியின் உதட்டருகே வைத்து, மெதுவாகச் சொன்னார்: "கார்லின், கண்ணே. நீ சொன்னதுதான் சரி. கார்லின்."

அன்ரி அவரை வெறித்துப் பார்த்தா. கண் நிறைந்து வழிந்தது. வாயை இன்னும் இறுக்கிக்கொண்டா. இந்த மனுசன் விட்டுக்கொடுக்கிறார் என்றால் தன் கதை முடிந்தது என்று அவவுக்கு விளங்கிவிட்டது. தெரிந்த இங்கிலிஷும் மறந்துபோய்த் தமிழிலேயே கத்தினேன்.

"ஐயோ, சண்டை பிடியுங்கோ அங்கிள்! விட்டுக்குடாதேங்கோ!"

பிறகுதான் இங்கிலிஷில் சொன்னேன்: அதைக் கறுப்புப் பட்டாணி என்று சொல்லுங்கள், கோபமாகச் சொல்லுங்கள். அவர் என்னைப் பார்த்தார், அவவைப் பார்த்தார். "கறுப்புப் பட்டாணி," என்றார். பிறகு குரலை உயர்த்தினார். "கறுப்புப் பட்டாணிதான், பிடிவாதக்காரி!"

மறுத்துப் பேசத்தான் அன்ரி வாயைத் திறந்தா. அவர் கரண்டியை உள்ளே வைத்தார். விழுங்கினா. இரண்டாவது கரண்டியையும் விழுங்கினா. மூன்றாவதுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டா.

"இரண்டு கரண்டியில் ஒரு ஆள் உயிர் வாழ முடியாது, அப்பா," என்று மகள் அழுதாள். திங்கட்கிழமை அவவைக் கொண்டுபோனார்கள். கார் கிளம்பும்போதும் அங்கிள் கண்ணாடியில் தட்டித் தட்டி, கறுப்புப் பட்டாணி, கறுப்புப் பட்டாணி என்று கத்திக்கொண்டே நின்றார்.