கொம்பு மட்டும் வந்த அட்டை

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வெளியூர்க்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த புரோகிராமில் தொழிலாளர்களுக்குத் தமிழில் அடையாள அட்டை அடித்தோம். அப்பா பெயரின் முதல் எழுத்தை எடுத்து இனிஷியலாகப் போடுவது அதன் வேலை.

காலை ஷிப்டில் அட்டை கொடுத்தோம். செட்டியார்பட்டி அக்கா ஒருவர் வாங்கிய வேகத்தில் திரும்பி வந்தார். அவருடைய இனிஷியல் 'கோ'. அட்டையில் இருந்தது வெறும் கொம்பு.

"ஏட்டி, கொம்பு இருக்கு, மாட்டைக் காணோமே. எங்க அய்யாவை எங்க கொண்டுபோய்க் கட்டுன?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதே ஷிப்டில் அதே பெயரில் இன்னொரு பெண். அவளுக்கு இனிஷியல் 'சே'. அவள் அட்டையிலும் அதே கொம்புதான். எந்த அட்டை யாருடையது என்று எப்படிச் சொல்வது?

மேனேஜர் அலட்டிக்கொள்ளவில்லை. தமிழ் கம்ப்யூட்டருக்கு ஒத்து வராது, எல்லாவற்றையும் இங்கிலீஷில் அடித்துவிடு என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தன் அட்டையை இன்னொருத்தியிடம் காட்டித்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஒத்து வராம இல்ல சார். எழுதுனவருக்கு அக்கறை இல்ல. நான் சரி பண்ணுதேன்" என்றேன்.

சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் இங்கிலீஷ்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உட்கார்ந்து பார்த்தேன். அன்றைய எழுத்துருவில் 'கோ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு துண்டையும் ஓர் எழுத்தாக எண்ணியது. முதல் எழுத்தை எடு என்றதும் கொம்பை மட்டும் பிய்த்துக் கொடுத்திருக்கிறது. கொம்பு வந்தால் அடுத்த துண்டையும் எடு, அதன் பின்னால் கால் இருந்தால் அதையும் சேர் என்று மாற்றி எழுதினேன்.

அடித்தால் 'கே' வந்தது. கால் எங்கே? எனக்கு முன்னால் டைப் அடித்தவர் காலுக்குப் பதிலாக 'ர' அடித்து வைத்திருந்தார். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. கண்ணை நம்பிப் பயனில்லை என்று, கொம்பில் தொடங்கும் பெயர்களை ஒவ்வொன்றாக அழித்துத் திரும்ப அடித்தேன். சாப்பிடப் போகவில்லை. மேனேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். நான் நிமிரவே இல்லை.

ஷிப்டு விடும்போது வாசலில் நின்று புது அட்டையைக் கொடுத்தேன். அக்கா விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். "இப்பத்தான் எங்க அய்யா முழுசா வந்திருக்காவ" என்றார். நன்றியெல்லாம் சொல்லவில்லை. அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு வந்துவிட்டது. ஆனாலும் முதல் எழுத்தாக 'கோ'வைக் கேட்டால் வெறும் 'க'வை நீட்டுகிற புரோகிராம்கள் இன்னும் இருக்கின்றன. இதெல்லாம் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு அன்று வந்த கோபம் அப்படியே வருகிறது. அதை விடுவதாக இல்லை.