காலித் திரை முன்னால் பத்து நிமிடம்

பி.எட். படிக்கும் பெண் ஒருத்தி கற்பித்தல் பயிற்சிக்காக என் வகுப்புக்கு வரப்போகிறாள் என்று தலைமையாசிரியை சொன்னபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாது. பாத்துக்கங்க" என்றார். பாத்துக்கங்க என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்களுடையது தண்டையார்பேட்டையில், டோல்கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளி. பதினெட்டு வருடமாக அங்கே தமிழ் எடுக்கிறேன். கண்டெய்னர் லாரி போகும்போது ஜன்னல் அதிரும். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, லாரி கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எனக்குப் பழகிப்போன ஒன்று. பழகாதது அந்த வருடம் எட்டாம் வகுப்பறைக்கு வந்த ஸ்மார்ட் போர்டுதான். மாட்டிவிட்டுப் போனவர்கள் அரை மணி நேரம் எதையெதையோ தொட்டுக் காட்டினார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. புரியாததை நாற்பது பிள்ளைகள் முன்னால் தொட்டுவிட்டுத் திருதிருவென்று விழிக்கத் துணிச்சல் இல்லை. தூசு படியாமல் துணி போட்டு மூடிவிட்டு, பக்கத்துக் கரும்பலகையிலேயே எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் வருவதற்கு முந்தின நாள் பிள்ளைகளிடம் பேசினேன். நல்ல மனதோடுதான் பேசினேன்.

"நாளைக்கு வர்ற மிஸ்ஸுக்குக் கண்ணு தெரியாது. அவங்க எதுனா தப்பா செஞ்சிட்டா சிரிக்கக் கூடாது. அத எடுத்துச் சொல்லி அவங்க மனச நோகடிக்கக் கூடாது. அமைதியா இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்" என்று நாற்பது குரலும் சேர்ந்து சொன்னது.

மறுநாள் எண்ணூரிலிருந்து பஸ் ஏறித் தனியாகவே வந்திருந்தாள். பருத்திப் புடவை, தோளில் கனமான பை, கையில் வெள்ளைக் கோல். வாசலில் பார்த்ததும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டு, "நீங்க புடிச்சா எனக்கு வழி தெரியாது மிஸ். உங்க முழங்கைய நான் புடிச்சிக்கறேன், நீங்க பாட்டுக்கு நடங்க" என்றாள். அப்படியே நடந்தோம். படிக்கட்டு வந்தபோது நான் சொல்வதற்கு முன்பே, என் முழங்கை உயர்ந்ததை வைத்து அவளும் கால் தூக்கினாள்.

அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். தமிழில் பட்டம் வாங்கிவிட்டு பி.எட். சேர்ந்திருந்தாள். பயிற்சிக்காலத்தில் ஒரு பாடமாவது ஸ்மார்ட் போர்டில் நடத்தியாக வேண்டும், அதைப் பார்க்கக் கல்லூரிப் பேராசிரியர் வருவார் என்றாள். இதைத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு வாயால பாடம் சொல்லட்டும், போர்டை நீங்க ஓட்டிடுங்க" என்றார். இதை அவளிடம் சொன்னபோது அவள் மறுத்தும் பேசவில்லை, சம்மதிக்கவும் இல்லை. "மொதல்ல நான் அத ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கறேனே மிஸ்" என்றாள்.

அன்று பள்ளி விட்டதும் துணியை எடுத்தேன். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, போர்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை தடவிப் பார்த்தாள். ஓரத்தில் இருந்த பொத்தான்களை எண்ணினாள். ஒயர் சொருகும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் அளந்தாள். பிறகு சிரித்தாள்.

"நடுவுல ஒண்ணுமே இல்ல மிஸ். வழவழன்னு கண்ணாடிதான். எனக்கு இது சொவரு."

பையிலிருந்து ஒரு மடிக்கணினியை எடுத்தாள். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. விசைகளில் பாதி எழுத்து தேய்ந்துபோயிருந்தது. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் புரோகிராம் ஒன்று அதில் இருந்தது. அந்தக் குரல் போன வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. தகரத்தில் மழை பெய்வது போல இருந்தது. "இவ்வளவு வேகமா புரியுதா?" என்று கேட்டேன். "இன்னும் வேகமா வெச்சும் கேப்பேன் மிஸ். கிரிக்கெட் நியூஸ் படிக்கும்போது" என்றாள்.

அவள் யோசனை இதுதான்: போர்டைத் தொடவே வேண்டாம். மடிக்கணினியை ஒயரால் போர்டோடு இணைத்துவிட்டால், அவள் விசைப்பலகையில் செய்வதெல்லாம் போர்டில் பெரிதாகத் தெரியும். அதற்கான ஒயர் போர்டு வந்த அட்டைப்பெட்டியிலேயே, உறை பிரிக்காமல் கிடந்தது. ஸ்டோர் ரூமில் தேடி எடுத்துக்கொடுத்தேன். அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். முதல் நாள் அந்தக் குரல் போர்டின் ஸ்பீக்கரில் அலறியது. மறுநாள் அதை அவள் காதில் மாட்டும் இயர்போனுக்குத் திருப்பினாள். எதையாவது மாற்றும்போது நான் குறுக்கே பேசினால் கோபம் வந்துவிடும். "மிஸ், ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசினா எனக்குக் குருடு மாதிரி ஆயிடும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாடத்துக்கு அவள் வைத்திருந்தது ஒரு புகைப்படம். எண்ணூர் முகத்துவாரம். தங்கையிடம் சொல்லி எடுக்க வைத்தது.

"போர்டுல இன்னா தெரியுது மிஸ், சொல்லுங்க" என்றாள்.

"ஒரு படம் தெரியுதும்மா."

"படம்னு மெஷினே சொல்லிடுச்சி. இன்னா படம்?"

"கடற்கரை."

"கடற்கரைல?"

"படகு இருக்கு. தூரத்துல புகைபோக்கி இருக்கு."

"எத்தினி படகு? தண்ணில கீதா, கரைல கீதா? ஆளுங்க யாருனா கீறாங்களா?"

நான் தடுமாறினேன். பதினெட்டு வருடமாக 'கண்ட காட்சியை வருணித்து எழுதுக' என்று வினாத்தாளில் போட்டு மதிப்பெண் குறைத்தவள் நான். என் எதிரில் இருந்த ஒரு படத்தை, பார்க்க முடியாத ஒருத்திக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும். "இதையே பாடமா வெச்சிடலாம் மிஸ்" என்றாள். வருணனை எழுதும் பயிற்சி. முதலில் அவள் கொஞ்சம் விளக்குவாள், பிறகு பிள்ளைகள் எழுதுவார்கள் என்று முடிவானது.

ஒத்திகையாக ஒரு வகுப்பு எடுத்துப் பார்க்கலாம் என்று அடுத்த திங்கட்கிழமை ஆயத்தமானாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வகுப்பு தொடங்குவதற்குள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. மாணவர் விவரம் ஏதோ கணினியில் விடுபட்டுப்போயிருக்கிறதாம், உடனே வரச் சொன்னார்கள். "நீ நடத்தும்மா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் தெளிவான குரலில் பேசிக்கொண்டிருந்தாள். "இப்போ பாருங்க, இடது பக்கம் ரெண்டு படகு. நடுவுல தண்ணி. அதுக்குப் பின்னாடி உயரமா புகைபோக்கி…" தங்கையிடம் கேட்டு வைத்திருந்தபடி, கையால் போர்டின் சரியான இடங்களைக்கூடக் காட்டிக்கொண்டிருந்தாள். போர்டில் ஒன்றுமே இல்லை. வெறும் நீல நிறம். மடிக்கணினியில் படம் இருந்தது, ஒயர் கழன்றிருந்ததால் போர்டுக்குப் போகவில்லை. காதில் அந்தக் குரல் எல்லாம் சரியாக ஓடுவதாகவே அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

நாற்பது பிள்ளைகளும் கைகட்டி, அமைதியாக, அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவள் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. "எவ்ளோ நேரமா?" என்றாள். முதல் வரிசைப் பெண்ணைப் பார்த்தேன். "மொதல்லேர்ந்தே மிஸ். பத்து நிமிசம் இருக்கும்" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "ஒயரு போனது எனக்குப் பெருசு இல்ல மிஸ். அது எல்லாருக்கும் ஆவும். நாப்பது பேரு கீறாங்க, ஒருத்தர்கூட சொல்லலியே. எங்க தெருப் பசங்களா இருந்தா, 'இன்னாக்கா, காலி போர்டுக்குப் பாடம் எடுக்குற'ன்னு கத்தியிருப்பாங்க. இவங்களுக்கு இத யாரு சொல்லிக் குடுத்தது?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் அப்படி இருக்க முடியவில்லை.

"நான்தாம்மா" என்றேன். முந்தின வாரம் பிள்ளைகளிடம் பேசியதை அப்படியே சொன்னேன்.

வெளியே ஒரு லாரி போய், ஜன்னல் அதிர்ந்து அடங்கியது. பிறகு, "நல்லது நெனச்சித்தான் சொன்னீங்க, தெரியும்" என்றாள். "நாளைக்கு நானே அதுங்களாண்ட பேசிக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க."

அந்த இரவை நான் நிம்மதியாகக் கழித்தேன் என்று சொல்ல மாட்டேன். இனி அவள் வேறு பள்ளி கேட்டுப் போய்விடுவாள் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் சரியான நேரத்துக்கு வந்தாள். மடிக்கணினியை இணைத்துவிட்டு, வகுப்பைப் பார்த்து நின்றாள்.

"நேத்து நான் பத்து நிமிசம் காலி போர்டுக்குப் பாடம் எடுத்தேன். போர்டுக்கு நல்லா புரிஞ்சிருக்கும். உங்களுக்குப் புரிஞ்சுதா?"

ஒரு சின்னச் சிரிப்பு எங்கோ கிளம்பி அடங்கியது.

"சிரிங்க, பரவால்ல. எனக்குக் கண்ணு தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சவங்க சொல்லணும். சொல்லலன்னாதான் எனக்கு பேஜாரு. இனிமே இந்தக் கிளாஸ்ல ஒரே ஒரு ரூல்தான்: கண்ணுக்கு எது தெரிஞ்சாலும் சொல்லணும். இப்போ போர்டுல இன்னா தெரியுது?"

"படம் மிஸ்!" என்று பாதி வகுப்பு கத்தியது.

"இன்னா படம்? நான் பொறந்து வளந்த இடம் அது. எனக்குக் காதால தெரியும், மூக்கால தெரியும். நீங்க தப்பா சொன்னா கண்டுபுடிச்சிடுவேன்."

விளக்கவுரை எல்லாவற்றையும் அவள் தூக்கிப்போட்டுவிட்டிருந்தாள். பிள்ளைகள் சொல்லச் சொல்ல, படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் தட்டச்சு செய்தாள். கீழே குனியாமல், முகத்தை வகுப்பின் பக்கமே வைத்துக்கொண்டு அவள் விரல்கள் போன வேகத்தைப் பார்த்துப் பையன்கள் வாயைப் பிளந்தார்கள். படகு எத்தனை, வலை என்ன நிறம், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். புகை கடல் பக்கம் சாய்கிறது என்று ஒரு பையன் சொன்னதும், "அப்போ காலைல எடுத்த படம். கரைக்காத்து" என்றாள். அவன் கண்கள் விரிந்தன.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் உண்டு. காசிமேட்டிலிருந்து வருகிறவள். நான் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாளே தவிர, பேச மாட்டாள். அன்று அவள் தானாக எழுந்தாள்.

"மிஸ், பச்ச வல மேல ஒரு காக்கா குந்திகினு கீது. யாரும் சொல்லல."

என் வாய் பழக்கத்தில் திருத்தத் துடித்தது. அதற்குள் போர்டு பக்கம் நின்றவள் அந்த வாக்கியத்தை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தாள். பிறகு இயர்போனைக் கழற்றி, அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். 'காக்கா குந்திகினு கீது' என்று இயந்திரம் வெகு மரியாதையாகப் படித்தது. வகுப்பே குலுங்கியது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

"இது வூட்டுல பேசறது. பரீச்சைல எப்படி எழுதணும், சொல்லுங்க" என்று கேட்டு, அடுத்த வரியில் 'பச்சை வலையின் மேல் காகம் ஒன்று அமர்ந்திருக்கிறது' என்று எழுதினாள். இரண்டு வரியும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. முதல் வரியை அழிக்கவும் இல்லை, தப்பு என்று சொல்லவும் இல்லை. "காக்கா எங்க பாக்குது?" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் கேட்டாள். வீட்டில் நானும் 'கீது' என்று பேசுகிறவள்தான். வண்ணாரப்பேட்டையில் பிறந்தவள் வேறு எப்படிப் பேசுவேன்? ஆனாலும் இத்தனை வருடம் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பத்து நாள் கழித்துப் பேராசிரியர் வந்தார். கையில் மதிப்பெண் படிவத்தோடு கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதற்குள் எல்லா வகுப்பும் தொடங்கும் முன் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து போர்டைப் பார்த்துச் சொல்வது வழக்கமாகியிருந்தது. அன்று ஒரு பெண்ணின் முறை.

"படம் வந்துச்சி மிஸ். எழுத்து பெருசா கீது. ஓரத்துல எதுவும் வெட்டுப்படல. அப்புறம், பின்னாடி குந்திகினு கீற சார் பாக்கெட்டுல பேனா ஒழுகுது மிஸ்."

அவர் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டைப் பையில் நீலம் உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தது. பேனாவை அவசரமாக வெளியே எடுத்தவர், அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்து, "தேங்க்ஸ்மா" என்றார். பிறகு சிரித்துவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் படிவத்தைப் புரட்டினார். "எல்லாம் நல்லா இருந்துச்சி. ஆனா 'பலகையைத் தொட்டு இயக்குதல்'னு ஒரு கட்டம் இருக்கேம்மா. நீ தொடவே இல்லையே?"

"தொட்டா அது எனக்குப் பதில் சொல்லாது சார். கீபோர்டு சொல்லும்" என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். 'தொட்டு' என்ற சொல்லை அடித்து, மேலே 'விசைப்பலகை வழியே' என்று எழுதி, அந்தக் கட்டத்துக்கு முழு மதிப்பெண்ணும் போட்டார். பக்கத்தில் நின்று நான் பார்த்ததால் சொல்கிறேன்.

பயிற்சிக்காலம் முடிவதற்குள் அவளிடம் நானும் கேட்டுக் கற்றுக்கொண்டேன். ஒயரை எங்கே சொருகுவது, படம் வராவிட்டால் எந்த விசை, எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி. அவள் பொறுமைசாலி இல்லை. ஒரே விஷயத்தை மூன்றாவது முறை கேட்டால், "மிஸ், எழுதி வெச்சிக்கோங்க" என்பாள். எழுதி வைத்துக்கொண்டேன்.

இப்போது மணலி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறாள். அரசு வேலைக்கான தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே இருக்கும் போர்டு வேறு மாதிரியாம். போன மாதம் மதிய இடைவேளையில் கூப்பிட்டேன். பின்னணியில் ஒரே இரைச்சல்.

"எப்படிம்மா போவுது?"

"ஓட்டையெல்லாம் வேற பக்கம் வெச்சிருக்கான் மிஸ். ரெண்டு நாளு தடவிப் புடிச்சிட்டேன். பசங்க பயங்கர வாலு. இன்னிக்கு ஒருத்தன் என் புடவ தலைப்புல சாக்பீஸ் தூள் கீதுன்னு சொல்றான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. "கிளாஸ் கீது மிஸ், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.